மூசிப் பெருவெள்ளமும் வீட்டுக்கு ஓர் ஆளும்

மதுரைச் சீமையில் பிறந்தவர்களுக்குப் பிட்டுத் திருவிழாவைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏனையோர்க்காகச் சுருங்கச் சொல்வேன். வையையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, தத்தம் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறை அறைவித்தான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்கு அனுப்புவதற்கு ஆள் இல்லை. அவளுக்காகச் சொக்கநாதப் பெருமானே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், ஊரார் அனைவர் முதுகிலும் விழுந்தது என்று திருவிளையாடற் புராணம் கூறும்.

சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது பிரம்படியே என் மனத்தில் நின்றது. நாற்பது வயதைக் கடந்து, பிறந்த மண்ணை விட்டு இத்தக்காணத்து நகரில் வாழும் இந்நாளில், ‘வீட்டுக்கு ஓர் ஆள்’ என்னும் அந்தக் கட்டளையே பெரிதாகத் தோன்றுகிறது. வெள்ளம் ஓர் ஊரைச் சோதிக்கும்போது அவ்வூர் மக்கள் எதை நம்பி எழுந்து நிற்கின்றனர்? இவ்வினாவுக்கு மதுரையின் விடை புராணத்தில் உள்ளது. நாம் குடியேறி வாழும் ஐதராபாத்தின் விடை வரலாற்றில் உள்ளது. அவ்விடையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்னும் ஆவலால் இவ்வாண்டு மலருக்கு இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

ஆறும் ஊரும்

நயாபுல்லைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் நம் பிள்ளைகளுக்கு, மூசி ஓர் ஆறு என்று சொன்னால் வியப்பாக இருக்கும். விகாராபாத்தை அடுத்த அனந்தகிரி மலையில் பிறந்து, கிழக்கு நோக்கி ஓடி, நகரின் நடுவே புகுந்து, நல்கொண்டா நாட்டைக் கடந்து, வாடபல்லியில் கிருஷ்ணையோடு கலக்கும் ஆறு இது. நகருக்கு மேற்கே ஈசி என்னும் துணையாறு இதனோடு சேர்கிறது. இதன் பழம்பெயர் முசுகுந்த நதி என்பர். முசுகுந்தன் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. இந்திரனிடமிருந்து தியாகேசப் பெருமானைப் பெற்றுத் திருவாரூருக்குக் கொணர்ந்தவன் முசுகுந்தச் சக்கரவர்த்தி என்பது நம் நாட்டு வழக்கு. எங்கேயோ உள்ள ஆரூரின் அரசன் பெயரும் இங்கே ஓடும் ஆற்றின் பெயரும் ஒன்றாய் அமைந்திருப்பதை எண்ணும்போது, நாம் முற்றிலும் அயலூரில் வந்து சேரவில்லை என்றொரு நிறைவு உண்டாகிறது.

இவ்வாற்றின்மீது 1578-ஆம் ஆண்டில் கோல்கொண்டா மன்னர் இப்ராகிம் குதுப் ஷா கல்பாலம் ஒன்று கட்டினார். அதுவே இன்று புரானாபுல் என்று வழங்குவது. அவருடைய மகன் முகம்மது குலி குதுப் ஷா, ஆற்றின் தென்கரையில் 1591-இல் சார்மினாரை எழுப்பி நகரை அமைத்தார். பின்னர் ஆற்றின் வடகரையிலும் பேட்டைகளும் கடைவீதிகளும் பெருகின.

ஆற்றுக்கு மேலே உள்ள நிலம் மேடும் பள்ளமுமான பாறை நிலம். பருவமழையை ஆங்காங்கே தேக்கி வைத்தாலன்றி அங்கே வேளாண்மை நடவாது. ஆதலால் முன்னோர் ஏரிகளை வெட்டினர். ஒன்றின் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்ததை நிரப்பும்; அது நிரம்பி மூன்றாவதை நிரப்பும். நம் தொண்டை மண்டலத்து ஏரிகளையும் பாண்டி நாட்டுக் கண்மாய்களையும் கண்டவர்களுக்கு இந்த முறை நன்கு விளங்கும். நகருக்கு மேலே மூசியின் நீர்ப்பிடிப்பு 862 சதுர மைல். அதில் இருந்த ஏரிகள் 788. ஏறத்தாழச் சதுர மைலுக்கு ஓர் ஏரி. வாழ்வு தந்த அதே ஏரிச் சங்கிலிதான் 1908-இல் கேட்டையும் தந்தது.

அந்த இரண்டு நாட்கள்

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசி. இஸ்லாமியப் பெருமக்களின் ரமலான் நோன்பு தொடங்கிய சமயம். ஓயாத மழை பிடித்துக்கொண்டது. இன்று விமான நிலையம் அமைந்துள்ள ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பதிவாயிற்று. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழையில் பெரும்பகுதி இரண்டே நாட்களில் கொட்டியது எனலாம்.

மேலேயிருந்த சிற்றேரிகள் முதலில் உடைந்தன. அவற்றின் நீர் கீழேயிருந்த ஏரிகளில் ஒருசேரப் பாய, அவற்றின் கரைகளும் தாங்காமல் உடைந்தன. இவ்வாறு உடைந்த ஏரிகள் 221 என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. மழைநீரும் ஏரிநீரும் ஒன்றாகத் திரண்டு, 28-ஆம் நாள் விடியற்காலையில் நகருக்குள் புகுந்தன. அப்போது மூசியில் வினாடிக்கு 4,25,000 கன அடி நீர் சென்றதாகப் பொறியாளர்கள் கணித்தனர். கோடையில் கணுக்கால் நனையாமல் கடக்கக்கூடிய ஆறு அது!

கோல்சாவாடி, அப்சல்கஞ்ச் முதலிய கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. மண் சுவர் வீடுகள் உப்புக்கட்டிபோல் கரைந்தன. கோட்டை மதிலின்மேல் ஏறித் தப்பலாம் என்று எண்ணியவர்கள் மதிலோடு சரிந்தனர். அப்சல்கஞ்சில் இருந்த மருத்துவமனையும் வெள்ளத்துக்குத் தப்பவில்லை. அப்சல் பாலம், முசல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் ஆகிய மூன்றும் உடைந்தன. முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய புரானாபுல் ஒன்றே நிலைத்து நின்றது. வடகரைக்கும் தென்கரைக்கும் போக்குவரத்து அற்றது. இறந்தவர் சுமார் 15,000 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. நகர மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வீடிழந்தனர்.

எண்ணிக்கைகளை எழுதுவது எளிது. எழுதுவினைஞர் தொழிலில் இருக்கும் எனக்கு எண்களோடுதான் நாள்தோறும் பழக்கம். ஆயினும் 15,000 என்று எழுதும்போது கை சற்று நிற்கிறது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வீடு, அவ்வீட்டில் ஏற்றி வைத்த ஒரு விளக்கு, விடியலில் நோன்புக்கு முன் உண்ண எடுத்து வைத்த ஒரு பிடி உணவு இருந்திருக்கும் அன்றோ?

புளியமரத்தின் அடைக்கலம்

இன்றைய உஸ்மானியா பொது மருத்துவமனை வளாகத்தில் முதிய புளியமரம் ஒன்று நிற்கிறது. அக்காலத்தில் அவ்விடம் அப்சல் பூங்காவாக இருந்தது. வெள்ளம் சூழ்ந்தபோது, ஓடுவதற்கு வழியற்ற மக்கள் அம்மரத்தில் ஏறிக் கிளைகளைப் பற்றிக்கொண்டனர். நீர் வடியும்வரை பசியோடும் குளிரோடும் அங்கேயே தங்கியிருந்து உயிர் பிழைத்தவர்கள் சுமார் 150 பேர் என்பர். அச்செய்தியைப் பொறித்த பலகை அங்கே உண்டு. செப்டம்பர் 28-இல் அன்பர்கள் சிலர் மரத்தடியில் கூடி மாண்டவர்களை நினைவு கூர்வதும் உண்டு.

நம் நாட்டில் புளியமரத்தைப் பேய் உறையும் மரம் என்று சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்துவர். இந்த ஊரிலோ அது உயிர் காத்த தெய்வம். அம்மரத்தில் ஏறியவர்கள் தமக்கு அடுத்த கிளையில் இருப்பவன் யார், எந்த மதத்தான், எந்தத் தெருவான் என்று வினவியிருப்பார்களா? கிளையில் இடம் இருக்கிறதா என்பதொன்றே வினா. மேலே இருப்பவன் கை கொடுத்தால் கீழே இருப்பவன் பிழைப்பான்.

அரசரின் ஆரத்தி

அப்போது ஆட்சியில் இருந்தவர் ஆறாம் நிஜாம் மீர் மகபூப் அலிகான். முதலமைச்சராக இருந்தவர் மகாராஜா கிஷன் பிரசாத். ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் இந்து. வீடிழந்த மக்களுக்காக அரண்மனைக் கதவுகள் திறக்கப்பட்டன. பொதுச் சமையற் கூடங்கள் அமைத்து உணவு வழங்கப்பட்டது. செல்வர் மாளிகைகளும் பலருக்கு அடைக்கலம் அளித்தன.

மகபூப் அலிகானைப் பற்றி இந்நகர மக்கள் இன்றளவும் சொல்லிவரும் ஒரு செய்தி உண்டு. ஆற்றன்னையின் சினம் தணிய வேண்டும் என்று அந்தணர் கூறக் கேட்ட நிஜாம், வேட்டி உடுத்து, ஆற்றங்கரைக்கு வந்து, தட்டில் சேலையும் முத்தும் பொன்னும் வைத்து, ஆரத்தி எடுத்து வெள்ளத்தில் விட்டார் என்பது அச்செய்தி. இது ஏட்டில் எழுதிய வரலாறோ, நாவில் வளர்ந்த கதையோ, எதுவாயினும் ஆகுக. பழைய ஊரில் இந்துவும் சொல்கிறார், இஸ்லாமியரும் சொல்கிறார். தம் அரசர் தம் குடிகளின் துயரைத் தம் துயராகக் கொண்டார் என்று ஒரு மக்கள் கூட்டம் நூறாண்டுக்கு மேலாக நம்பிவருகிறது என்றால், அந்த நம்பிக்கையே ஒரு வரலாறு. பாண்டியன் முதுகிலும் விழுந்த பிரம்படியின் பொருளும் இதுதான் போலும்.

துயர் துடைத்தவர்களுள் கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரும் ஒருவர். அவருடைய தந்தையார் அகோரநாத் சட்டோபாத்தியாயர் வங்காளத்திலிருந்து வந்து இந்நகரில் நிஜாம் கல்லூரியை வளர்த்த பேராசிரியர். சரோஜினி அம்மையார் பிறந்தது இங்கே, 1879-இல். மெட்ரிகுலேஷன் தேறியதோ நம் சென்னைப் பல்கலைக் கழகத்தில். வெள்ளத் துயர் துடைக்க அவர் செய்த தொண்டுக்காகக் கெய்சரி ஹிந்த் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. 1919-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தபின் அப்பதக்கத்தை அவர் திருப்பி அளித்தார் என்பது நாடறிந்த செய்தி. அவரும் நம்மைப்போல் குடியேறிய குடும்பத்தவரே. ஆயினும் ஐதராபாத்தின் மகள் என்றே அவரை இந்நகரம் கொண்டாடுகிறது.

ஒரு கவிஞரின் நம்பிக்கை

இவ்வெள்ள வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் உருக்கியது உருதுக் கவிஞர் அம்ஜத் ஐதராபாதியின் வாழ்க்கை. வெள்ளம் வந்தபோது அவர் இளைஞர். தாயையும் மனைவியையும் சின்னஞ்சிறு மகளையும் ஒருங்கே மூசி கொண்டுபோயிற்று. குடும்பத்தில் அவர் ஒருவரே எஞ்சினார்.

அத்தகைய ஒருவர் கடவுளை வெறுத்திருந்தாலும் யார் குறை கூறுவர்? தாம் கண்ட கொடுமையை ‘சிறிய ஊழி’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நீண்ட பாட்டாகப் பாடினார். துயரத்தை மறைக்கவில்லை, ஆறிவிட்டது என்று நடிக்கவும் இல்லை. பின்னர் ருபாயி என்னும் நான்கடிப் பாக்களில் இறையன்பையும் உலக வாழ்வின் நிலையாமையையும் பாடி, உருது மொழியில் அவ்வகைப் பாவுக்கே அரசர் எனப் போற்றப்பட்டார். 1961-இல் மறையும்வரை இந்நகரை விட்டு அவர் நீங்கவில்லை. தம் குடும்பத்தை விழுங்கிய ஆற்றின் கரையிலேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

‘ஏன் எனக்கு?’ என்ற கேள்விக்கு அம்ஜதுக்கு விடை கிடைத்ததா என்று நான் அறியேன். விடை கிடைக்காமலேயே ஒரு மனிதன் பிறருக்கு ஆறுதலாக வாழ முடியும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. நம் மணிமேகலைக் காப்பியத்தில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. காப்பியத் தலைவி துறவறம் பூண்டு, அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்துக்கொண்டே செல்கிறாள். ஊரை இழந்தபின்னும் அட்சய பாத்திரம் வற்றவில்லை. இரண்டு கதைகளும் வெவ்வேறு மொழியின. உணர்த்தும் பொருள் ஒன்று.

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா

கண்ணீர் துடைத்தல் ஒரு தொண்டு. மீண்டும் கண்ணீர் வாராமல் காத்தல் அதனினும் பெருந்தொண்டு. பம்பாய் மாகாணப் பொறியியல் பணியிலிருந்து விலகி ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யாவை ஐதராபாத் அரசு அழைத்தது. அவர் 1909 ஏப்ரலில் இங்கு வந்தார். மழைக் கணக்குகளையும் ஏரிகளின் கணக்குகளையும் திரட்டினார். மேலே நான் குறித்த ஏரிக் கணக்குகள் அவருடைய ஆராய்ச்சியால் அமைந்தவையே. அவ்வாண்டு அக்டோபரில் தம் அறிக்கையை அளித்தார்.

அவர் சொன்ன வழி எளியது. கட்டுப்பாடற்ற நூற்றுக்கணக்கான மண்கரைகளை மட்டும் நம்பி நகர் வாழ முடியாது. நகருக்கு மேலே, மூசியின் குறுக்கிலும் ஈசியின் குறுக்கிலும் பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டுக. பெருமழையின் வேகத்தை அவை தாங்கி, நீரைச் சிறிது சிறிதாக விடட்டும். வெள்ளமும் தணியும், குடிநீரும் கிடைக்கும். மகபூப் அலிகான் 1911-இல் மறைந்தார். ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலத்தில் பணிகள் நிறைவேறின. 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. கண்டிப்பேட்டையில் உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின்மீது ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிவடைந்தன. வெள்ளம் அழித்த கரைகளில் உயர்நீதிமன்றமும் உஸ்மானியா மருத்துவமனையும் எழுந்தன. பேரிடர் நேர்ந்த இடத்திலேயே நோயாளிக்கு மருந்தும் வழக்காளிக்கு நீதியும் கிடைக்கச் செய்தமை எத்தகைய சிறப்பு!

நிஜாமின் ஆரத்தியையும் விசுவேசுவரய்யாவின் அளவுகோலையும் எதிர்த்தட்டுகளில் வைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆரத்தி ஊரின் உள்ளத்தைக் கூட்டியது. அணை ஊரின் உயிரைக் காத்தது. உள்ளம் கூடாத ஊரில் அணை எழாது.

நமது பங்குக் கரை

இந்நகரில் தமிழரின் பங்கு சிறிதன்று. படைமுகாமாகத் தோன்றிய செகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் ஆறாம் நிஜாமின் பெயரால் மகபூப் கல்லூரி ஆயிற்று. 1893 பிப்ரவரியில், சிகாகோ செல்வதற்கு முன், சுவாமி விவேகானந்தர் அங்கே சொற்பொழிவாற்றினார். 1874-இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தபின் நம்மவர் வரவு பெருகிற்று. 1966-இல் தென்மத்திய ரயில்வே அமைந்தபின் மேலும் பெருகிற்று. அவ்வழியில் வந்தவர்களுள் நானும் ஒருவன்.

ரயில்வே அலுவலகத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் படியெடுக்கும் ஒரு பட்டியல் உண்டு. உடைந்தால் இருப்புப்பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரிகளின் பட்டியல் அது. எந்த ஏரி, எந்த மைல்கல்லுக்கு அருகில், கரையும் கலிங்கும் எந்நிலையில் உள்ளன என்றெல்லாம் அதில் குறித்திருக்கும். இளம் வயதில் இது வெறும் காகித வேலை என்று நான் எண்ணினேன். 1956 செப்டம்பரில் ஜட்சர்லாவுக்கும் மகபூப்நகருக்கும் இடையே மழையில் பாலம் இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், அதே ஆண்டு நவம்பரில் நம் அரியலூரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி வீழ்ந்ததையும், அதன்பின் லால்பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியைத் துறந்ததையும் ஒரு மூத்த ஊழியர் எடுத்துரைத்தார். அன்று முதல் அப்பட்டியலில் ஓர் எழுத்துப் பிழையும் நேராமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஏரிகளின் பட்டியலைப் பிழையின்றி எழுதிய நான், என் வீட்டின் கீழே இருந்தவர் பெயரை அறிந்திலேன். இதனை வெட்கத்தோடு இங்கே பதிவு செய்கிறேன்.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாளை நம் குடியிருப்பினர் மறந்திருக்க மாட்டார்கள். நகரில் ஒரே நாளில் சுமார் 19 சென்டிமீட்டர் மழை. பழைய ஏரிகள் சில உடைந்தன. ஹிமாயத் சாகரின் மதகுகள் திறக்கப்பட்டன. அதுவோ கொரோனா தொற்றுக்கு அஞ்சி ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதிருந்த காலம். ஆறு ஆண்டுகளாக எங்கள் கீழ்த்தளத்தில் வாழ்ந்த தெலுங்கு முதியவரையும் அவருடைய மனைவியாரையும் ‘கீழ் வீட்டார்’ என்றே நாங்கள் குறிப்பிட்டு வந்தோம். அன்றிரவு அவர்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு எங்கள் கதவைத் தட்டினர். கதவைத் திறப்பதற்கு முன் ஒரு கணம் நான் தயங்கினேன். தொற்றைப் பற்றிய தயக்கம் அது. என் மனைவி தயங்கவில்லை. ரசமும் சோறும் வைத்து அவர்களை உண்ணச் செய்தபின் அவள் கேட்ட முதற்கேள்வி, ‘உங்கள் பெயர் என்னங்க அம்மா?’ என்பதே.

மறுநாள் காலையில்தான் எங்களுக்கு மற்றொருவர் நினைவு வந்தது. நம் சங்கத்தின் பழைய உறுப்பினரான மூதாட்டி ஒருவர், கணவரை இழந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பள்ளத்துத் தெருவில் தனியே வாழ்ந்து வந்தார். பொங்கல் விழாதோறும் கோலப்போட்டிக்கு நடுவராக அமர்பவர். நன்கொடைப் பட்டியலில் அவர் பெயர் உண்டு. விழா அழைப்பிதழ் அனுப்பும் பட்டியலிலும் உண்டு. வெள்ளத்தில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் நம்மிடம் இல்லை. ஆதலால் ஓர் இரவு முழுவதும் எவரும் அவரை நினைக்கவில்லை.

நாங்கள் நான்கு பேர் கயிறும் கழியுமாய்ச் சென்றபோது வீடு திறந்து கிடந்தது. ஆளைக் காணோம். எங்கள் நெஞ்சு உலர்ந்துவிட்டது. பிறகு, மேட்டில் இருந்த மசூதியின் மாடித் தாழ்வாரத்தில், போர்வை போர்த்து அமர்ந்திருந்த அவரைக் கண்டோம். இரவு இரண்டு மணி அளவில் அண்டைப் பேட்டையைச் சேர்ந்த இளைஞர் சிலர் லாரி டயரின் டியூப்பை மிதக்கவிட்டு வீடு வீடாக வந்து அழைத்தார்களாம். அவர்களுள் ஒருவர் இவரைத் தோளில் சுமந்து மேடேற்றினாராம். ‘அம்மா, பயப்படாதீங்க என்று இந்தியிலே சொன்னான். எனக்குப் புரிந்தது’ என்றார் மூதாட்டி. அந்த இளைஞர் கூலி கேட்கவில்லை. விடிவதற்குள் வேறு தெருவுக்குப் போய்விட்டார். அவர் பெயரை நாங்கள் இன்றளவும் அறியோம்.

வந்திக்கு ஆள் இல்லாதபோது வந்தவர் யார் என்று நான் பிள்ளைப் பருவத்தில் கேட்ட கதையின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அதே சமயம் முதுகில் ஓர் அடி விழுந்ததையும் உணர்ந்தேன். வந்தியின் பங்குக்கு இறைவன் வந்தான், சரி. மற்ற வீடுகளின் ஆட்கள் நாம் எங்கே போனோம்?

அதற்குப் பின் நடந்தவை உங்களுக்குத் தெரியும். சங்கத்தின் பொங்கல் அண்டாக்கள் வெளியே வந்தன. நான்கு நாட்கள் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சமைத்தோம். நாம் பேட்டைக்கு அனுப்பினோம். பேட்டையிலிருந்து நமக்குப் பாலும் தண்ணீர்க் குடங்களும் வந்தன. தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி என்று நான்கு மொழிகளில் பேசிக்கொண்டு சேற்றை அள்ளினோம். பத்தாண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தும் நாம் பெறாத நட்பை அந்த நான்கு நாட்களில் பெற்றோம். ஆயினும் அண்டாக்கள் மீண்டும் அறைக்குள் சென்றன; வீட்டுக் கதவுகளும் மீண்டும் சாத்திக்கொண்டன. இதுவே என் கவலை.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்

சொந்த ஊர், வந்த ஊர் என்று நாம் பேசுவது வழக்கம். ஓர் ஊரில் மனை வாங்கிவிட்டதாலோ, குடும்ப அட்டை பெற்றுவிட்டதாலோ அது சொந்த ஊர் ஆகிவிடாது. அவ்வூரின் துயரில் நம் பங்குக் கரையை நாம் அடைக்கும் நாளில்தான் அது நமக்குச் சொந்தமாகும். வங்காளத்துக் குடும்பத்தில் பிறந்த சரோஜினி அம்மையாரும், மைசூர் நாட்டு விசுவேசுவரய்யாவும் அவ்வாறே இந்நகருக்கு உரியவர் ஆயினர்.

ஆதலால் மூன்று செயல்களை நம் சங்கம் மேற்கொள்ள வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன். முதலாவது, ஆண்டுதோறும் ஆனி மாதம் முடிவதற்குள், தனித்து வாழும் முதியோர், நோயாளர், கீழ்த்தளத்துக் குடும்பங்கள் ஆகியோரின் பட்டியல் ஒன்றைத் திருத்தமாக எழுதி வைத்தல். ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக அருகிலுள்ள ஒரு வீட்டின் பெயரையும் எதிரே குறித்தல். தமிழர் மட்டுமன்றி, நம் தெருவில் வாழும் அனைவரும் அதில் இடம்பெற வேண்டும். எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். பட்டியல் எழுதுவது என் தொழில். இரண்டாவது, அண்டைப் பேட்டையினரை நம் பொங்கல் விழாவுக்கு அழைத்தல். அவர்கள் அழைக்கும்போது நோன்பு திறக்கும் கஞ்சிக்குச் செல்லுதல். மூன்றாவது, செப்டம்பர் 28-ஆம் நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் நம் பிள்ளைகளை உஸ்மானியா மருத்துவமனைப் புளியமரத்தடிக்கு அழைத்துச் சென்று, அதன் கதையைச் சொல்லுதல்.

அம்மரம் முதிர்ந்துவிட்டது. என்றேனும் ஒருநாள் சாய்ந்தும் போகும். அது சாயும் முன், கீழே நிற்பவனுக்குக் கை கொடுக்கக் கற்ற பிள்ளைகளை நாம் வளர்த்துவிட்டால், இந்நகரில் இன்னும் எத்தனையோ கிளைகள் தழைக்கும்.

மூசியில் மறுபடியும் வெள்ளம் வரலாம், வாராமலும் போகலாம். அது வானத்தின் செயல். பறை அறையும்போது நம் வீட்டிலிருந்து ஓர் ஆள் புறப்படுவது நம் செயல்.

வாழ்க தமிழ்! வாழ்க இந்நகரம்! வளர்க நம் சங்கம்!